முப்பத்தெட்டாம் நம்பர்

ஆதிநாராயணன் தன் நாற்பத்தொன்றாவது வயதில் இங்கிலீஷ் பேசியே ஆக வேண்டிய நிலைக்கு வந்தார்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், மயிலத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவர் பதினோரு வருடமாக முதலாமாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தி வந்தார். முகையூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழில். விழுப்புரத்தில் எம்.எஸ்சி. படித்தபோது புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, நடத்தியவர்கள் தமிழில் நடத்தினார்கள். அவரும் அப்படியே பழகிவிட்டார். போர்டில் எழுதுவது இங்கிலீஷ், வாயில் வருவது தமிழ். மதியம் சாப்பிட்ட பிறகு வருகிற வகுப்பிலும் அவர் நடத்தினால் யாரும் தூங்குவதில்லை. பரீட்சையில் அவர் பாடத்தில்தான் பாஸ் அதிகம்.

2012 ஆகஸ்டில் கிருஷ்ணசாமி என்பவர் புது முதல்வராக வந்தார். முதல் கூட்டத்திலேயே ஆசிரியர்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"இனிமே கிளாஸ்ரூமுக்குள்ள ஒரு வார்த்தை தமிழ் எனக்குக் கேக்கக் கூடாது. கம்பெனிக்காரன் வந்தா நம்ம பசங்க வாயத் தொறக்க மாட்டேங்கறான். ஏன்னா நீங்க தொறக்கறதில்ல. நவம்பர் கடைசில ஒவ்வொருத்தரும் கமிட்டி முன்னால ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணும். முடியாதவங்க இந்த செமஸ்டரோட வேற வேலை பாத்துக்கலாம்."

ஆதிநாராயணன் அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வடிவு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எண்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள். தலைவலி என்றார்.

செப்டம்பரில் முதலாமாண்டு வகுப்பு தொடங்கிய இரண்டாம் நாள், பேச வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனார். கேட்க வேண்டிய கேள்வியையும் எழுதி வைத்திருந்தார். வருகைப் பதிவேட்டில் விரல் வைத்த இடத்தில் இருந்தது முப்பத்தெட்டாம் நம்பர், வெங்கடாசலம். மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்தவன். கறுத்து, ஒல்லியாக, புதுச் சட்டையில் மடிப்புக் கலையாமல் எழுந்து நின்றான்.

வெப்பம் என்றால் என்ன என்று அவர் இங்கிலீஷில் கேட்டார். பையன் தமிழில் பதில் சொன்னான். சரியான பதில், புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாக. ஆதிநாராயணன் "வெரிகுட், உக்காருப்பா" என்று சொல்ல வாயெடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே கிருஷ்ணசாமி வந்து நின்றார்.

"இங்கிலீஷ்ல சொல்லு" என்று ஆதிநாராயணன் இங்கிலீஷில் சொன்னார்.

பையன் வாயைத் திறந்தான். மூடினான். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். ஜன்னலில் நின்றவர் நகரவில்லை. உட்காரச் சொன்னால் விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர் நினைப்பாரோ என்ற பயத்தில் ஆதிநாராயணன் பையனை அப்படியே விட்டுவிட்டு, தாளில் இருந்ததை ஒப்பிக்கத் தொடங்கினார். மணி அடிக்கும்வரை, நாற்பது நிமிடம், வெங்கடாசலம் நின்றான். மறுநாள் வரவில்லை. பத்து நாள் கழித்து அவன் பெயரை ஆபீசில் சிவப்பு மையால் அடித்தார்கள்.

அதே செப்டம்பரில்தான் இருதயராஜ் அந்த விக்கியைத் தொடங்கினான். இருதயராஜ் இங்கிலீஷ் ஆசிரியர், இருபத்தாறு வயது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த அறுபது பிள்ளைகளை என்ன செய்வது என்று திணறி, கடைசியில் இணையத்தில் வகுப்புக்கென்று ஒரு விக்கி அமைத்தான். எந்த ஆசிரியர் நடத்தினாலும் ஒவ்வொரு நாள் பாடத்துக்கும் ஒரு பக்கம். வகுப்பில் புரிந்ததை, தெரிந்த இங்கிலீஷில், யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். தப்பு இருந்தால் இன்னொருவர் திருத்தலாம். யார் எழுதினார்கள், யார் திருத்தினார்கள் என்பதெல்லாம் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். பக்கத்துக்குப் பின்னால் ஒரு பேச்சுப் பகுதியும் உண்டு. அங்கே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துச் சந்தேகம் கேட்டுக்கொள்வார்கள். வகுப்பு நம்பர்தான் ஆளுக்குப் பெயர், அதுவேதான் பாஸ்வேர்டும். பிறகு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தான்.

"சார், ஸ்டாஃபும் சேரலாம்" என்று ஆசிரியர் அறையில் சொன்னான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆதிநாராயணன் வேறு வழிகளை முயன்று பார்த்தவர்தான். திண்டிவனத்தில் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் ஓர் இடத்துக்குப் போனார். மாடிப்படி ஏறி எட்டிப் பார்த்தால், முன் பெஞ்சில் அவருடைய மாணவர்கள் இரண்டு பேர். சத்தமில்லாமல் இறங்கிவிட்டார். பஸ்ஸில் வாய்க்குள் வாக்கியம் சொல்லிப் பார்த்தார். வகுப்பில் நின்றால் எல்லாம் போய்விடும். ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்வார். நன்றாகத் தெரிந்த பாடமே வாயில் நொண்டியது. முன்பெல்லாம் பிள்ளைகள் கண் விரித்துக் கேட்ட வகுப்பில் இப்போது நோட்டில் படம் வரைந்தார்கள். கிருஷ்ணசாமி வாரத்துக்கு இரண்டு முறை ஜன்னலுக்கு வந்தார்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த விக்கியைத் திறந்தார். தன் பெயரில் நுழைந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வகுப்பில் யாரும் பயன்படுத்தாத நம்பர் ஒன்றுதான் இருந்தது. முப்பத்தெட்டு என்று அடித்தார். பாஸ்வேர்டு முப்பத்தெட்டு. கதவு திறந்துகொண்டது.

வெப்பக் கடத்தல் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். 'ஹீட் இஸ் கோயிங் ஃப்ரம் ஹாட் பாடி டு கோல்ட் பாடி.' சேமித்துவிட்டு, திருடியவர் போல எழுந்து வந்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது 'இஸ் கோயிங்' போய், 'ஃப்ளோஸ்' வந்திருந்தது. பேச்சுப் பகுதியில் கலைமதி எழுதியிருந்தாள். "வெங்கட்டு, நீயா! இஸ் கோயிங்னா இப்ப இந்த நிமிஷம் போய்க்கினு இருக்குதுன்னு ஆயிடும். எப்பவும் நடக்கறதுக்கு ஃப்ளோஸ். நீ வந்தது எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?"

கலைமதி மூன்றாவது பெஞ்சில் உட்காருகிற பெண். அவளும் அதே குப்பம், வெங்கடாசலத்தோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. விடுதியில் தங்கியிருந்தாள். விடுதியில் செல்போனுக்குத் தடை, அவனோடு பேச வழியில்லை; விக்கியில் கல்லூரி லேப்பிலிருந்துதான் எழுதினாள். அவன் மரக்காணத்தில் எங்கோ உட்கார்ந்து எழுதுகிறான் என்று அவள் நம்பிவிட்டாள்.

அன்றே அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தினமும் ஐந்தரை மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தார். அந்த மாதங்களில் ஒரு மணி நேரம் மின்சாரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. பாதி வாக்கியத்தில் திரை கறுத்துவிடும், அடித்ததெல்லாம் போய்விடும். இருட்டில் விசிறிக்கொண்டு காத்திருப்பார். வந்ததும் மறுபடி அடிப்பார். இரண்டு நாள் கழித்து நடத்தப்போகிற பாடத்தைத் தனக்கு வந்த இங்கிலீஷில் எழுதுவார். மறுநாள் அவர் போவதற்குள் கலைமதி, சில சமயம் இன்னும் இரண்டு பேர், திருத்தியிருப்பார்கள். கலைமதிக்கும் எல்லாம் தெரியாது. சில இடங்களில் அவளும் தப்பாகத் திருத்தினாள், இருதயராஜ் வந்து இரண்டையும் சேர்த்துச் சரிசெய்தான். திருத்திய வரிகளைத் தாளில் எழுதிக்கொண்டு ஆதிநாராயணன் அடுத்த நாள் வகுப்பில் சொன்னார். இரண்டும் புத்தகத்தை ஒட்டியே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏழெட்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் தடங்கலில்லாமல் வந்த நாளில் அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் பேச்சுப் பகுதியில் கலைமதி எழுதியிருந்ததை அவர் மூன்று முறை படித்தார்.

"உன்ன நிக்க வெச்ச அன்னிக்கி நான் ரொம்ப அழுதேன். ஆனா அந்த சார் மேல கோவப்படாத. நான் கிளாஸ்ல உக்காந்து பாத்துக்கினு இருக்கேன். அவரே பயப்படறாரு. சாக்பீஸ் புடிக்கிற கை ஆடுது. அவருக்கும் நம்மள மாதிரிதான் இங்கிலீஷ் வரல போல. பாவம். நீ வந்துடு வெங்கட்டு. நான் எங்க அப்பாவ உட்டு உங்க அம்மாகிட்ட பேசச் சொல்றேன்."

அவர் பதில் எழுத ஆரம்பித்தார். 'நான் வரமாட்டேன்' என்று அடித்தார், அழித்தார். 'சரி' என்று மட்டும் அடித்துச் சேமித்தார்.

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போன கலைமதி, சாமான்களை வைத்த கையோடு வெங்கடாசலத்தின் வீட்டுக்குப் போனாள். அவன் அம்மா பாஞ்சாலி மீன் கூடையோடு திண்டிவனம் போய் வந்து அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தாள். "அத்தே, உங்க புள்ள உட்டுடல. தெனமும் படிக்கிறான். கம்ப்யூட்டர்ல எழுதறான். திரும்பி வரேன்னு சொல்லிட்டான்" என்றாள். பாஞ்சாலி ஈரக் கையோடு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

வெங்கடாசலம் ஐஸ் பேக்டரியில் வேலை முடித்து வந்தபோது குப்பமே அவனைப் பார்த்துச் சிரித்தது. விஷயம் தெரிந்ததும் அவன் கலைமதி வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினான்.

"நான் எங்கடி கம்ப்யூட்டரத் தொட்டேன்? இன்னும் என்னக் கிண்டல் பண்ணி முடியலியா உங்களுக்கு? காலேஜில நிக்க வெச்சீங்க. இப்ப ஊர்லயும் நிக்க வெக்கறீங்களா?"

பாஞ்சாலி இரண்டு நாள் கூடையை எடுக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

விடுமுறை முடிந்த மறுநாள் சாயங்காலம் ஆதிநாராயணன் பக்கத்தைத் திறந்தபோது ஒரே ஒரு வரி இருந்தது. "நீ யாரு?"

அவர் எதுவும் எழுதாமல் வெளியேறினார். அடுத்த நாள் ஆசிரியர் அறையில் இருதயராஜ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"டிஸ்கன்டினியூ ஆன பையன் பேர்ல எவனோ பூந்து எழுதினு இருக்கான். அந்தப் பொண்ணு வந்து அழுவுது. எந்த ஊர்லேர்ந்து வர்றான்னு கம்ப்யூட்டர் லேப்ல கேட்டிருக்கேன். திங்கக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடும்."

அதே திங்கட்கிழமைதான் அவர் கமிட்டி முன்னால் வகுப்பெடுக்க வேண்டியது. லேசர் பாடம். முப்பத்தைந்து நிமிடத்துக்கு வேண்டிய எல்லா வாக்கியங்களும் அவரிடம் தயாராக இருந்தன. அத்தனையும் அந்தப் பெண் திருத்திக் கொடுத்தவை.

சனிக்கிழமை கல்லூரி விட்டதும் பிரௌசிங் சென்டருக்குப் போனார். பேசாமல் இருந்துவிடலாம், பிரௌசிங் சென்டர் எது என்று தெரிந்தாலும் ஆள் யாரென்று தெரியாது என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அவர் எழுதினார். பாதியில் மின்சாரம் போனது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் "நாளைக்கி வாங்க சார்" என்றார். "இல்லப்பா, இன்னிக்கே முடிச்சிட்டுப் போறேன்" என்றார். வந்ததும் முதலிலிருந்து எழுதினார், இந்த முறை தன் சொந்தப் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கி.

நான் வெங்கடாசலம் இல்லை. உங்கள் இயற்பியல் ஆசிரியர். அவன் நம்பரை எடுத்துக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் வராது. அவனை நிற்க வைத்தவன் நான், அவன் பதில் சரியாக இருந்தது, ஜன்னலில் நின்றவருக்குப் பயந்து உட்காரச் சொல்லவில்லை. கலைமதியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதைத்தான் இங்கிலீஷில் எழுதினார். அதில் ஏழு தப்பு இருந்தது. யாரும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை அவர் போவதற்குள் கல்லூரி முழுக்கப் படித்திருந்தது. தாழ்வாரத்தில் பேச்சு நின்றது. ஆசிரியர் அறையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. முதல் மணி அடித்த பிறகு கலைமதி வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள வாம்மா."

அவள் வரவில்லை. "அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன் சார்" என்றாள். "அவன் படிக்கிறான்னு. திரும்பி வர்றான்னு. நீங்கதான் சரின்னு எழுதுனீங்க."

"தப்புதான்மா."

"உங்க பேரப் போட்டுக் கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருக்க மாட்டேனா சார்?"

அவள் திரும்பி வகுப்புக்குப் போனாள்.

கமிட்டி கூடவில்லை. கிருஷ்ணசாமி அவரைத் தன் அறைக்கு அழைத்தார். மேஜைமேல் அந்தப் பக்கத்தின் பிரதி இருந்தது, தப்புகளுக்கு அடியில் சிவப்புக் கோடு.

"சேர்மன் வரைக்கும் போயிடுச்சு" என்றார். "பேரண்ட்ஸுக்குத் தெரிஞ்சா காலேஜ் மானம் போயிடும். சொந்தக் காரணம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க. யாருக்கும் பேஜாரு இல்ல."

ஆதிநாராயணன் பேனாவை எடுத்தார். பிறகு மேஜைமேல் வைத்தார்.

"வெங்கடாசலத்தோட ஒரிஜினல் சர்ட்டிபிகேட் ஆபீஸ்லதான் இருக்குது சார். மூணு வாட்டி வந்து கேட்டானாம், குடுக்கலையாம், கிளார்க் சொன்னாரு. அது இல்லாம அவன் வேற எங்கயும் சேர முடியாது. அதக் குடுங்க. கையெழுத்துப் போடறேன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு."

"அப்ப நான் லெட்டர் எழுதல. கமிட்டியக் கூட்டுங்க. ஏன் அந்தப் பையன் நின்னான்னு அங்கயே சொல்றேன், ஜன்னல்ல யாரு நின்னாங்கன்னும் சொல்றேன்."

பதினோரு வருடத்தில் அவர் அந்த அறையில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கிருஷ்ணசாமி பெல்லை அடித்தார். முக்கால் மணி நேரத்தில் ஒரு பழுப்பு உறை வந்தது. ஆதிநாராயணன் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் வடிவு எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தார்.

"மூணு மாசமா இதெல்லாம் யாராண்ட சொல்லிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"யாருகிட்டயும் இல்ல. அந்தப் பொண்ணுகிட்ட எழுதிக்கினு இருந்தேன். அதுக்கு நான்னு தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது" என்றாள் வடிவு. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மரக்காணம் பஸ் ஏறினார். குப்பத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வழி சொன்னார்கள். பாஞ்சாலி அவரை யாரென்று தெரியாமலே தண்ணீர் கொடுத்தாள். தெரிந்ததும் செம்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவன் பின்னால கீறான், போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் பின்னால், ஐஸ் பேக்டரிச் சாக்குகளும் மீன் பெட்டிகளும் கிடந்த இடத்தில், வெங்கடாசலம் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தான். மூன்று மாதத்தில் தோள் அகன்றிருந்தது. அவர் வணக்கம் சொன்னார். அவன் சொல்லவில்லை.

"எம் பேர்ல இன்னா எழுதுனீங்க?" என்றான்.

"பாடம்தான்ப்பா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல. தப்புத் தப்பா."

"எம் பேர்ல தப்பா எழுதுனீங்களா?"

"ஆமா."

அவர் நீட்டிய உறையை அவன் பிரித்து, சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பெட்டிமேல் அடுக்கினான். பத்தாம் வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு. மாற்றுச் சான்றிதழ். எடுத்து முடித்தபின் உறையைக் கவிழ்த்து உதறினான்.

"சாதி சர்ட்டிபிகேட் இல்ல சார்."

ஆதிநாராயணன் உறையை வாங்கி உள்ளே கைவிட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பையன் முன்னால், ஐஸ் பேக்டரி சாக்குகளுக்கு நடுவே நின்று, முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டார். வெங்கடாசலம் என்ன செய்வதென்று தெரியாமல் சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க சார்" என்றான்.

அவர் உட்காரவில்லை. "வாங்கியாந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ராஜினாமா செய்த கல்லூரிக்கு மூன்று நாள் தொடர்ந்து போனார். காவலாளி உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடியில் நின்றார். அவர் மாணவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி அவரைத் தாண்டிப் போனார்கள். சிலர் வணக்கம் வைத்தார்கள். கலைமதி ஒரு முறை விடுதிப் பெண்களோடு கடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இருதயராஜ் அந்தத் தாளை எப்படியோ தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"விக்கிய மூடச் சொல்லிட்டாங்க சார்" என்றான். "நேத்தோட மூடிட்டேன்."

"பிள்ளைங்க?"

"எப்பவும் போல நோட்ஸ் வாங்கி ஜெராக்ஸ் எடுக்குதுங்க. அந்தப் பொண்ணு ஒரு வாரமாவே எழுதறத நிறுத்திடுச்சு." அவன் கோபமாக இருந்தான், ஆனால் அதைக் காட்டும் தெம்பு அவனிடம் இல்லை. "உங்களால மட்டும் இல்ல சார். ஆனா உங்களாலயும்தான்."

சாதிச் சான்றிதழைத் தபாலில் அனுப்பலாம் என்று நினைத்தார். தொலைந்துபோகும் என்று பயந்து நேரிலேயே கொண்டுபோனார். அந்த முறை வீட்டில் பாஞ்சாலி மட்டும் இருந்தாள். வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்தாள்.

அடுத்த ஜூனில் வெங்கடாசலம் அரசுக் கல்லூரியில் தமிழ் வழி இயற்பியலில் சேர்ந்தான் என்று இருதயராஜ் போனில் சொன்னான். முதல் செமஸ்டரில் கலைமதி ஆறில் நான்குதான் பாஸ் என்றும் சொன்னான். போன பாடங்களில் ஒன்று இயற்பியல். ஆதிநாராயணன் அப்போது விழுப்புரத்தில் ஒரு டுடோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு அன்றைய வகுப்புக்குப் போனார். ஒரு மணி நேரமும் தமிழில் நடத்தினார். நடுவில் ஒரு பையன் எழுந்து சந்தேகம் கேட்டு, கேள்வியை முடிக்கத் தெரியாமல் நின்றான்.

"உக்காந்துக்கினே கேளுப்பா" என்றார் ஆதிநாராயணன்.